தீயும் சீற்றமும்: மிரட்டல் விழுந்த இடங்களில் மக்கள் என்ன செய்தார்கள்?

ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டை அழித்துவிடப்போவதாக அறிவிக்கும்போது செய்தித் தலைப்பில் இரண்டு பெயர்கள்தான் வரும். ஒன்று மிரட்டியவரின் பெயர். மற்றது மிரட்டப்பட்ட நாட்டின் பெயர். அந்த நாட்டிற்குள்ளும் அதைச் சுற்றியும் வாழும் சனம் அந்த வார்த்தையைக் கேட்டு என்ன செய்தது என்பது செய்தியின் கடைசிப் பந்தியில் வரும், அல்லது வராமலே போகும். யுத்தத்திற்கு முன் வார்த்தைதான் வருகிறது என்பதை வாழ்ந்து அறிந்த நம் வாசகர்களுக்கு அந்தக் கடைசிப் பந்திதான் முக்கியமானது.

2017 ஒகஸ்ட் முதல் 2018 ஜனவரி வரை அமெரிக்காவும் வடகொரியாவும் மாறிமாறி விடுத்த மிரட்டல்கள் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். அந்த மாதங்களில் இரு நாடுகளும் ஒன்றையொன்று தாக்கவில்லை. ஆனால் தென்கொரியா, குவாம், ஜப்பான், ஹவாய், வடகொரியா, அமெரிக்கப் பெருநிலம் என்று ஆறு இடங்களில் கோடிக்கணக்கான மக்கள் ஒரே மிரட்டலின் கீழ் வாழ்ந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டார்கள். அதற்கான காரணங்களைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லப்பட்டது என்ன?

2017 ஜூலை 4 அன்று வடகொரியா கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை முதல்தடவையாகப் பரிசோதித்தது. அதே மாதம் 28ஆம் திகதி இரண்டாவது பரிசோதனை நடந்தது. ஒகஸ்ட் 5 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை வடகொரியாவின் நிலக்கரி, இரும்பு, கடலுணவு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

ஒகஸ்ட் 8 அன்று நியூ ஜேர்சியில் உள்ள தனது கோல்ஃப் விடுதியில் வைத்து ஊடகவியலாளர்களிடம் பேசிய அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், வடகொரியா இனியும் மிரட்டினால் உலகம் இதுவரை காணாத ‘தீயையும் சீற்றத்தையும்’ சந்திக்கும் என்றார். சில மணித்தியாலங்களில் வடகொரியா பதில் கொடுத்தது. பசிபிக் சமுத்திரத்தில் உள்ள அமெரிக்க ஆட்புலமான குவாம் தீவைச் சுற்றி ஏவுகணைகளை வீசும் திட்டத்தை ஆராய்வதாக அறிவித்தது. ஒகஸ்ட் 10 அன்று அந்தத் திட்டத்தின் கணக்கையும் வெளியிட்டது. நான்கு ஏவுகணைகள் ஜப்பானின் ஷிமானே, ஹிரோஷிமா, கொச்சி மாகாணங்களுக்கு மேலாகப் பறந்து, 1,065 செக்கன்களில் 3,356.7 கிலோமீற்றர் கடந்து, குவாமுக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் தொலைவில் கடலில் விழும் என்றது.

செப்டெம்பர் 3 அன்று வடகொரியா தனது ஆறாவது அணுகுண்டுப் பரிசோதனையை நடத்தியது. செப்டெம்பர் 19 அன்று ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றிய ட்ரம்ப், அமெரிக்கா தன்னையோ தன் நேச நாடுகளையோ காக்கவேண்டி வந்தால் வடகொரியாவை முற்றாக அழிப்பதைத் தவிர வேறு வழியிராது என்றார். இரண்டு நாட்களின் பின் வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன் தன் சொந்தப் பெயரில் அறிக்கை விட்டு, ட்ரம்பை அறிவு மங்கிய கிழவர் என்று ஏசினார். அறிக்கையின் ஆங்கில வடிவத்தில் இருந்த வழக்கொழிந்த சொல்லின் பொருள் தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் இணைய அகராதிகளைத் திறந்து பார்த்தார்கள். 2018 புத்தாண்டு அன்று அணுவாயுதப் பொத்தான் தன் மேசையில் இருப்பதாகக் கிம் சொன்னார். தன்னுடைய பொத்தான் அதைவிடப் பெரியது என்று ட்ரம்ப் டுவிட்டரில் பதில் எழுதினார்.

இந்த வார்த்தைகள் உலகெங்கும் பகிடியாகவும் பேசப்பட்டன. ஆனால் ஏவுகணை வந்து விழக்கூடிய தூரத்தில் இருந்தவர்களுக்கு இது வேறுவிதமாகக் கேட்டது.

சியோல்: அமைதி என்று தெரிந்தது

தென்கொரியத் தலைநகர் சியோல் வடகொரிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நகரத்தையும் அதைச் சுற்றிய பிரதேசத்தையும் சேர்த்தால் சுமார் 2 கோடியே 50 இலட்சம் பேர், அதாவது நாட்டின் சனத்தொகையில் பாதிப்பேர் அங்கே வாழ்கிறார்கள். சியோலைத் தாக்க வடகொரியாவுக்கு அணுகுண்டும் வேண்டாம், நீண்டதூர ஏவுகணையும் வேண்டாம். எல்லையில் நிற்கும் ஆட்லறிகளே போதும்.

2017 ஒகஸ்டில் அங்கு சென்ற வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் கண்டு வியந்தது நகரத்தின் அமைதியை. கடைகள் திறந்திருந்தன. சனம் வேலைக்குப் போய்வந்தது. ‘தென்கொரியர்கள் பயப்படவில்லை’ என்று செய்திகள் வந்தன.

ஆனால் இதே நகரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1994 மார்ச்சில் நடந்த பேச்சுவார்த்தையின்போது, யுத்தம் வந்தால் சியோல் தீக்கடலாகும் என்று வடகொரியப் பிரதிநிதி ஒருவர் சொன்னார். அந்த ஆண்டு நெருக்கடி முற்றியபோது மக்கள் அரிசியையும் நூடில்ஸையும் வாங்கிக் குவித்தார்கள். பங்குச் சந்தை சரிந்தது. அதன் பிறகு ‘தீக்கடல்’ என்ற சொல் பல தடவை திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓடும் கூட்டம் குறைந்தது. எத்தனையோ தடவை ஓநாய் வருகிறது என்று கேட்டவர்கள் எழும்பி ஓடாமல் இருந்தார்கள். அதனால் ஓநாய் இல்லை என்று அவர்கள் நம்பியதாக ஆகாது.

2017 செப்டெம்பர் தொடக்கத்தில் கலப் கொரியா நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 10 பேரில் ஆறு பேர் யுத்தம் வராது என்று சொன்னார்கள். அதே கணிப்பில் அதே அளவானோர் தங்கள் நாடும் அணுவாயுதம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். யுத்தம் வராது என்று முற்றாக நம்பும் மக்கள் அணுகுண்டு கேட்பதில்லை. சமையல் இல்லாத உணவு, டோர்ச் லைட், முகமூடி அடங்கிய அவசரகாலப் பைகளின் விற்பனை கூடியதாகவும் அந்த நாட்களில் செய்திகள் வந்தன. சியோலில் சுரங்க ரயில் நிலையங்களும் கட்டடங்களின் கீழ்த்தளங்களுமாக ஆயிரக்கணக்கான இடங்கள் புகலிடங்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. தங்களுக்குக் கிட்ட உள்ள புகலிடம் எது என்று பலருக்குத் தெரியாது.

வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும், வீட்டுக் கடன் கட்டவேண்டும். இரண்டரைக் கோடிப் பேர் எங்கே ஓடுவது? போக இடமில்லாதவர்கள் வழமைபோல நடமாடுவதை வெளியிலிருந்து பார்ப்பவர் அமைதி என்று எழுதுகிறார். ஷெல் விழாத இடைவெளியில் சந்தை கூடியதைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சியோலின் உண்மையான எதிர்வினை அரசியலில் வெளிப்பட்டது. ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளான ஒகஸ்ட் 15 அன்று, ஜனாதிபதி மூன் ஜே இன், தென்கொரியாவின் சம்மதமின்றிக் கொரியத் தீபகற்பத்தில் இராணுவ நடவடிக்கை பற்றி எவரும் தீர்மானிக்க முடியாது என்றார். அவர் அந்த ஆண்டு மே மாதம்தான் பதவிக்கு வந்தவர். அதற்கு முன்னைய மாதங்களில் இலட்சக்கணக்கான மக்கள் மெழுகுதிரி ஏந்தி வீதியில் நின்று முன்னைய ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். அப்படி ஆட்சியை மாற்றிய மக்கள் பின்னால் இருந்ததால்தான் மூன் தன் பலம்வாய்ந்த நேச நாட்டைப் பார்த்து அவ்வாறு சொல்லக்கூடியதாக இருந்தது.

தென்கொரியாவின் தொழிற்சாலைகளில் வேலை ஒப்பந்தத்தில் சென்ற ஆயிரக்கணக்கான இலங்கையர்களும் அப்போது அங்கே இருந்தார்கள். தூரத்து மிரட்டல் என்று நாம் நினைத்ததன் கீழ் நம் நாட்டுப் பிள்ளைகளும் நின்றார்கள்.

சொங்ஜு: பாதுகாப்பு வந்த கிராமம்

மிரட்டல் வெறும் வார்த்தையாக நின்றுவிடுவதில்லை. அதற்கு எதிரான ஏற்பாடும் எங்காவது ஒரு நிலத்தில்தான் வைக்கப்படவேண்டும். தென்கொரியாவின் தென்கிழக்கில் உள்ள சொங்ஜு மஞ்சள் முலாம்பழச் செய்கைக்குப் பெயர்பெற்ற விவசாயப் பிரதேசம். ஏவுகணைகளை வானில் வைத்துத் தாக்கும் அமெரிக்காவின் ‘தாட்’ எனும் பாதுகாப்புத் தொகுதியை அங்கே நிறுத்த முடிவாகியது.

அத்தொகுதிக்கு அருகே உள்ள சொசொங்ரி கிராமத்தில் பெரும்பாலும் முதியவர்கள். தங்களைக் கேட்காமல் தங்கள் ஊரைத் தாக்குதல் இலக்காக்கிவிட்டார்கள் என்று சொல்லி அவர்கள் வீதியில் அமர்ந்தார்கள். 2017 செப்டெம்பர் 7 அன்று மேலதிக ஏவு வாகனங்கள் கொண்டுசெல்லப்பட்டபோது, வழிமறித்தவர்களை அப்புறப்படுத்த ஏறத்தாழ 8,000 பொலிஸார் குவிக்கப்பட்டனர். பேத்திகள் கண்ட அம்மம்மாமாரும் அங்கிருந்து தூக்கி அகற்றப்பட்டார்கள்.

இதே ‘தாட்’ தொகுதியால் கோபமுற்ற சீனா 2017 மார்ச்சில் தன் நாட்டுச் சுற்றுலாக் குழுக்கள் தென்கொரியா செல்வதை நிறுத்தியது. சீனப் பயணிகளை நம்பியிருந்த கடைகளும் விடுதிகளும் வருமானம் இழந்தன. கிம்மோ ட்ரம்போ அந்தக் கடைக்காரரின் பெயரைச் சொல்லி மிரட்டவில்லை. ஆனால் கட்டணத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

குவாம்: வாக்கில்லாத இலக்கு

குவாமின் சனத்தொகை சுமார் 1 இலட்சத்து 60 ஆயிரம். தீவின் நிலத்தில் கால்பங்குக்கு மேல் அமெரிக்க இராணுவத்தின் வசம் உள்ளது. பெரிய விமானப்படைத் தளமும் கடற்படைத் தளமும் அங்கே இருப்பதே தீவு இலக்காகியதற்குக் காரணம். அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. யாருடைய வார்த்தையால் தாங்கள் இலக்கானார்களோ, அவரைத் தெரிவதிலும் நீக்குவதிலும் அவர்களுக்குப் பங்கு கிடையாது.

தீவின் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் மக்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டது. ஒளிப்பிழம்பை நேராகப் பார்க்காதீர்கள், கண் பார்வை போகலாம். வெளியில் அகப்பட்டால் தரையில் படுத்துத் தலையை மூடுங்கள். உடையைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள். தலைக்குக் கண்டிஷனர் போடாதீர்கள், அது கதிரியக்கத் தூசை முடியோடு ஒட்டவைக்கும். இந்தக் கடைசி அறிவுரை உலகச் செய்திகளில் வேடிக்கையாகப் பகிரப்பட்டது. துண்டுப்பிரசுரம் கையில் கிடைத்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அனுபவம் உள்ள எவரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கமாட்டார்கள்.

ஒகஸ்ட் 15 அதிகாலையில் இரண்டு உள்ளூர் வானொலிகள் தவறுதலாக அவசர எச்சரிக்கையை ஒலிபரப்பின. உறக்கத்தில் இருந்த தீவு ஒரு கணம் பதறியது. பலர் தேவாலயங்களில் கூடிச் செபித்தார்கள். தலைநகர் ஹகாத்னாவில் சமாதானக் கூட்டம் நடந்தது. பூர்வீகக் குடிகளான சமோரோ மக்களில் முதியவர்களுக்கு யுத்தம் புதிதல்ல. 1941 டிசெம்பர் முதல் 1944 வரை ஜப்பானிய இராணுவம் தீவைப் பிடித்து வைத்திருந்தது. கட்டாய வேலையும் முகாமும் கொலையும் அவர்களின் வீட்டுக் கதைகளில் இருக்கின்றன.

அதேநேரத்தில் குவாம் ஆளுநருடன் தொலைபேசியில் கதைத்த ட்ரம்ப், உலகமே உங்களைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் சுற்றுலா பத்து மடங்காகும் என்ற பொருளில் சொன்னார். அந்த உரையாடல் பகிரங்கமாக வெளிவந்தது. மிரட்டல் விடுபவருக்கும் அதன் கீழ் இருப்பவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

ஜப்பான்: நான்கு நிமிடமும் ஒரு தேர்தலும்

ஒகஸ்ட் 29 காலை 6 மணி கடந்து சில நிமிடங்களில் வடக்கு ஜப்பானின் 12 மாகாணங்களில் சைரன்கள் ஒலித்தன. கைத்தொலைபேசிகள் அலறின. வடகொரியா ஏவிய ஏவுகணை ஹொக்கைடோ தீவுக்கு மேலாகப் பறந்து கடலில் விழுந்தது. எச்சரிக்கைக்கும் ஏவுகணை தலைக்கு மேல் கடந்ததற்கும் இடையில் சில நிமிடங்களே இருந்தன. உறுதியான கட்டடத்துக்குள்ளோ நிலத்தடிக்கோ செல்லும்படி அறிவிப்பு வந்தது. மரவீடுகளில் வாழும் கரையோரக் கிராமத்தவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: எங்கே போவது? செப்டெம்பர் 15 அன்று இதுவே இன்னொரு தடவை நடந்தது.

மக்களின் பயம் அரசியல்வாதிகளுக்குப் பயன்பட்டதையும் ஜப்பானில் காணலாம். பிரதமர் ஷின்சோ அபே வடகொரிய ஆபத்தையும் நாட்டின் குறைந்துவரும் பிறப்பு வீதத்தையும் ‘தேசிய நெருக்கடி’ என்று குறிப்பிட்டுப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையைக் கலைத்தார். ஒக்டோபர் 22 தேர்தலில் அவரது கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் வென்றது. எதிர்க்கட்சிகள் பிளவுபட்டிருந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லவேண்டும். என்றாலும், வெளியிலிருந்து வரும் மிரட்டல் உள்ளே ஆட்சியிலிருப்பவரைப் பலப்படுத்தும் என்ற பழைய விதி அங்கும் பொய்க்கவில்லை.

மிரட்டலின் இன்னொரு விளைவு குறைவாகவே பேசப்படுகிறது. ஜப்பானில் தலைமுறைகளாக வாழும் கொரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கொரிய மொழிப் பாடசாலைகளை நடத்துகிறார்கள். 1994 நெருக்கடியின்போது இப்பாடசாலைகளின் மாணவிகள் ரயிலிலும் வீதியிலும் தாக்கப்பட்டார்கள். கொரிய மரபு உடையாக அமைந்த அவர்களின் சீருடை கத்தியால் வெட்டப்பட்டது. பின்னர் பாடசாலைக்குப் போய்வரும்போது அணிய வேறு சீருடை கொண்டுவரப்பட்டது. 2018 பெப்ரவரியில் டோக்கியோவில் உள்ள வடகொரிய ஆதரவுச் சங்கத்தின் தலைமையகத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்தது. தூரத்தில் இருக்கும் ஓர் அரசின் வார்த்தைக்குப் பக்கத்து வீட்டுச் சிறுபான்மையினர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடையாளத்தை மறைத்துக்கொண்டு பயணம் செய்வது எப்படி என்று அறிந்தவர்கள் நம்மிடையே ஏராளம்.

அதே நாட்டில் வேறுவிதமான குரலும் எழுந்தது. ‘தீயும் சீற்றமும்’ என்ற வார்த்தை வந்த மறுநாள் ஒகஸ்ட் 9, நாகசாகியில் அணுகுண்டு விழுந்த நினைவுநாள். அன்றைய நிகழ்வில் பேசிய நகர மேயர், அந்த ஆண்டு ஜூலை 7 அன்று 122 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறிய அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் ஜப்பான் சேராததைக் கண்டித்தார். அணுகுண்டிலிருந்து தப்பியவர்கள் பல தசாப்தங்களாகச் சொல்லிவந்த சாட்சியங்கள் அந்த ஒப்பந்தத்திற்கு அடித்தளமாக இருந்தன. அதற்காக உழைத்த சர்வதேச இயக்கத்திற்கு 2017இன் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹிரோஷிமாவில் 13 வயதில் குண்டுவீச்சிலிருந்து தப்பிய செட்சுகோ தேர்லோ விருது மேடையில் உரையாற்றினார்.

ஹவாய்: 38 நிமிடங்கள்

2017 டிசெம்பர் 1 அன்று ஹவாயில் அணுத் தாக்குதல் எச்சரிக்கைச் சைரன் பரிசோதிக்கப்பட்டது. பனிப்போருக்குப் பின் அதுவே முதல் தடவை. ஆறு வாரங்களின் பின், 2018 ஜனவரி 13 சனிக்கிழமை காலை 8.07க்கு மாநிலமெங்கும் கைத்தொலைபேசிகளில் ஒரு செய்தி வந்தது. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது ஒத்திகை அல்ல என்றது அது.

சுமார் 14 இலட்சம் பேர் வாழும் மாநிலம் அது. பெற்றோர் பிள்ளைகளை வீதியோர வடிகால் குழிகளுக்குள் இறக்கினார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் கட்டடங்களை நோக்கி ஓடினார்கள். குளியலறைத் தொட்டிகளுக்குள் குடும்பமாக ஒடுங்கினார்கள். தூரத்தில் உள்ள உறவுகளுக்கு இறுதி வார்த்தை என்று நினைத்துச் செய்தி அனுப்பினார்கள்.

அது பொய்யான எச்சரிக்கை. கடமை மாறும் நேரத்தில் நடந்த ஒத்திகையின்போது ஊழியர் ஒருவர் உண்மையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். ஏவுகணை எதுவும் ஏவப்படவில்லை என்பது அதிகாரிகளுக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்தது. ஆனால் மக்களின் கைத்தொலைபேசிக்குத் திருத்தம் வர 38 நிமிடங்கள் எடுத்தன. எச்சரிக்கையை அனுப்ப வசனம் தயாராக இருந்தது. அது தவறு என்று சொல்ல வசனம் தயாராக இருக்கவில்லை. டுவிட்டர் கடவுச்சொல் நினைவில்லாததும் தாமதத்திற்கு ஒரு காரணம் என்று மாநில ஆளுநர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

அந்த நேரத்தில் எழுதப்பட்ட டுவிட்டர் பதிவுகளை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலைய ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். முதல் 38 நிமிடங்களில் மக்கள் செய்தியைப் புரிந்துகொள்ளவும், உண்மையா என்று உறுதிப்படுத்தவும், மற்றவர்களுக்குச் சொல்லவும் முயன்றிருந்தார்கள். பயமும் அதில் இருந்தது. பொய் என்று தெரிந்த பின் வந்த பதிவுகளில் கோபமும், என்ன செய்வதென்று தங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்ற ஆதங்கமும், அதிகாரிகள் மீதான அவநம்பிக்கையும் நிறைந்திருந்தன. மிரட்டல் வந்தால் சனம் அறிவிழந்து கலவரப்படும் என்று ஆட்சியாளர்கள் நினைப்பதுண்டு. ஹவாய் அப்படிக் காட்டவில்லை. சனம் தகவல் தேடியது. தகவல் கொடுக்கவேண்டியவர்களிடம்தான் அது இருக்கவில்லை.

பியொங்யாங்: நாம் கேட்காத குரல்

‘முற்றாக அழிப்போம்’ என்று சொல்லப்பட்ட நாட்டில் சுமார் 2 கோடியே 50 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களின் எதிர்வினையாக உலகம் கண்டது அரச ஊடகம் காட்டியதைத்தான். ஒகஸ்டில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இராணுவத்தில் சேர முன்வந்ததாக அரச பத்திரிகை எழுதியது. செப்டெம்பர் 23 அன்று கிம் இல் சுங் சதுக்கத்தில் ஒரு இலட்சத்திற்கும் அதிகமானோர் கைகளை உயர்த்திக் கோஷமிட்டதாகச் செய்தி வந்தது.

கட்டாயத்தின் பேரில் கூட்டப்படும் கூட்டத்தை வைத்து மக்களின் மனதை அளக்க முடியாது. அதேவேளை, அங்கே எல்லாம் நாடகம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்தில் அமெரிக்க விமானங்கள் தீபகற்பத்தில் 6 இலட்சத்து 35 ஆயிரம் தொன் குண்டுகளை வீசின. நேபாம் மட்டும் 32 ஆயிரம் தொன்னுக்கு மேல். பியொங்யாங் உட்பட வடக்கின் நகரங்கள் தரைமட்டமாயின. அந்த நினைவை அரசு தன் தேவைக்குப் பயன்படுத்துகிறது என்பது உண்மை. நினைவு அரசு உருவாக்கியது அல்ல என்பதும் உண்மை. முற்றாக அழிப்போம் என்ற வார்த்தை அங்குள்ள ஒரு முதியவருக்கு எதிர்காலத்தைப் பற்றிய மிரட்டல் மட்டுமல்ல; ஒருமுறை நடந்தது.

அவர்கள் தங்கள் தலைவரையும் விமர்சிக்க முடியாது, தங்களை மிரட்டுபவருக்கும் பதில் சொல்ல முடியாது. மிரட்டல்களோடு கூடவே வந்த பொருளாதாரத் தடைகள் ஆடை ஏற்றுமதியையும் நிறுத்தின. அத்துறையில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மனிதாபிமான உதவிப் பொருட்களும் தடைகளின் சிக்கலில் தாமதமாகியதாக ஐ.நா. அதிகாரிகள் முறையிட்டார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கி நிற்க நடுவில் அகப்பட்ட சனத்தின் கருத்தை அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர்களால் சொல்ல முடிவதில்லை.

மிரட்டியவரின் நாட்டில்

அமெரிக்கப் பெருநிலத்தில் பயம் வேறு வடிவில் வந்தது. ‘பெரிய பொத்தான்’ பற்றிய பதிவுக்குப் பின் கதிரியக்கத்திலிருந்து தைரொய்ட் சுரப்பியைக் காக்கும் அயடின் மாத்திரைகளின் விற்பனை திடீரென ஏறியது. வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளக்கூடிய பாதுகாப்பு அது.

ஆனால் மக்கள் தங்கள் தலைவரின் வார்த்தைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. 2017 செப்டெம்பரில் வொஷிங்டன் போஸ்ட்டும் ஏபிசி நிறுவனமும் நடத்திய கருத்துக்கணிப்பில் மூன்றில் இரண்டு பங்கினர், வடகொரியா முதலில் தாக்கினால் அன்றி அமெரிக்கா தாக்கக்கூடாது என்றார்கள். நவம்பர் 14 அன்று அமெரிக்க செனற் சபையின் வெளியுறவுக் குழு, அணுவாயுதத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு உள்ள தனி அதிகாரம் பற்றி விசாரணை நடத்தியது. அப்படியொரு விசாரணை நடந்தது 40 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின். சட்டம் எதுவும் மாறவில்லை. ஆனாலும் ஒரு மனிதரின் வாயில் இத்தனை உயிர்கள் தங்கியிருக்கலாமா என்ற கேள்வி அதிகாரபூர்வமாகக் கேட்கப்பட்டது.

கொரிய அமெரிக்கர்களின் நிலை தனியானது. யுத்தத்தில் பிரிந்த உறவினர்கள் வடக்கில் இருக்க, இவர்கள் அமெரிக்காவில் முதுமையடைந்துகொண்டிருந்தார்கள். 2017 செப்டெம்பர் 1 முதல் அமெரிக்கக் கடவுச்சீட்டில் வடகொரியா செல்வது தடைசெய்யப்பட்டது. சகோதரங்களைச் சாவதற்கு முன் ஒருமுறை காணலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

பிறகு நடந்தது

2018 பெப்ரவரி 9 அன்று தென்கொரியாவின் பியொங்சங்கில் தொடங்கிய குளிர்கால ஒலிம்பிக்கில் இரு கொரியாக்களும் ஒரே கொடியின் கீழ் நடந்துவந்தன. ஏப்ரலில் இரு கொரியத் தலைவர்களும் எல்லையில் சந்தித்தார்கள். ஜூன் 12 அன்று ட்ரம்பும் கிம்மும் சிங்கப்பூரில் கைகுலுக்கினார்கள். முற்றாக அழிப்பேன் என்று சொல்லி ஏறத்தாழ ஓராண்டில், கிம் எழுதிய அழகான கடிதங்களால் தாங்கள் காதல்வயப்பட்டதாக ட்ரம்ப் தன் ஆதரவாளர் கூட்டத்தில் சொன்னார். 2019 பெப்ரவரியில் ஹனோயில் நடந்த சந்திப்பு உடன்பாடின்றி முடிந்தது. வடகொரியாவின் அணுகுண்டுகள் அப்படியே இருக்கின்றன. சொங்ஜுவில் ‘தாட்’ தொகுதியும் அதன் பின்னர் அப்படியே நின்றது.

மிரட்டியவர்கள் வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்கு எந்தச் செலவும் ஏற்படவில்லை. வடிகால் குழிக்குள் பிள்ளையை இறக்கிய தாயிடமோ, வருமானம் இழந்த கடைக்காரரிடமோ, சீருடையை மாற்றிக்கொண்ட மாணவியிடமோ எவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆகவே ஒரு தலைவர் இன்னொரு நாட்டை மிரட்டும் செய்தியை அடுத்த தடவை படிக்கும்போது சிலவற்றைக் கவனிக்கலாம். அங்கே சனம் அமைதியாக இருக்கிறது என்று எழுதப்பட்டிருந்தால், ஓடுவதற்கு அவர்களுக்கு வழி இருந்ததா என்று பார்க்கவேண்டும். சனம் கொதித்தெழுந்தது என்று எழுதப்பட்டிருந்தால், வீட்டில் இருக்க அவர்களுக்குச் சுதந்திரம் இருந்ததா என்று பார்க்கவேண்டும். மிரட்டலால் வாக்குப் பெற்றவர் யார், காணி இழந்தவர் யார், அடையாளத்தை ஒளித்தவர் யார் என்று தேடவேண்டும்.

2017இல் எந்த மக்களின் குரலுக்குச் சிறிதளவேனும் பயன் இருந்தது என்று பார்த்தால், அது ‘எங்களைக் கேட்காமல் யுத்தம் கூடாது’ என்று சொல்லக்கூடிய அரசைத் தாங்களே உருவாக்கி வைத்திருந்த தென்கொரியர்களின் குரல்தான். குவாமுக்கு வாக்கு இல்லை. வடகொரியர்களுக்கு வாய் இல்லை. சொசொங்ரி முதியவர்கள் அதே தென்கொரியாவுக்குள் இருந்தும் கேட்கப்படவில்லை. குண்டு விழுமா விழாதா என்பதை மட்டும் கேட்டுவிட்டு நகரும் செய்திகளில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. யாரிடம் சம்மதம் கேட்கப்பட்டது என்ற கேள்வியை, குண்டு விழுந்த இடங்களிலிருந்து வந்த நாமாவது விடாமல் கேட்கவேண்டும்.